கன்றுக்கு ஏழு ரூபாய்



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் ‘தனியார் மரக்காடுகளுக்கான அரசு உதவிகள்’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. அதைப் படித்த என் மனைவி, “கூட்டம் முடிஞ்சதும் விண்ணப்பப் படிவம் குடுப்பீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படிவம் எதுவும் கொண்டுவரவில்லை. எந்த உதவி எங்கே கிடைக்கும், அது எதுவரை கைகொடுக்கும், எந்த இடத்தில் கையை விட்டுவிடும் என்பதை, மரம் வளர்த்து மாட்டிக்கொண்ட ஒருவன் என்ற முறையில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வடகாட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் நிலம், அதில் ஓர் ஏக்கரில் மரம். என் தகுதி அவ்வளவுதான்.

‘தனியார் காடு’ என்ற சொல் நம் ஊர்ப் பத்திரங்களில் கிடையாது. நஞ்சை உண்டு, புஞ்சை உண்டு, தரிசு உண்டு. ஊர்ப்பெயர்களில் வேண்டுமானால் காடு இருக்கும்: வடகாடு, மாங்காடு. ஆனால் சட்டத்தில் தனியார் காடு உண்டு. 1949இல் சென்னை மாகாணம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. நிலம் கையை விட்டுப் போகப்போகிறது, மரத்தையாவது காசாக்கிவிடுவோம் என்று ஜமீன்தார்கள் கோடரி எடுத்த காலம் அது. காடு வைத்திருக்கும் தனியாரிடம் அரசு பேசிய முதல் வார்த்தை ‘வெட்டாதே’. நமக்கு அந்தக் கதை அவ்வளவாக ஒட்டாது. நம்மில் பலர் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக் குடிகள், 1948 மார்ச்சில்தான் இந்திய ஒன்றியத்தோடு வந்து சேர்ந்தோம்.

அரசு பேசிய இரண்டாவது வார்த்தை ‘நடு’. 1981இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. நம் கண்மாய்களுக்குள் வரிசை வரிசையாகக் கருவேலம் நின்றதே, ஏலம் போட்டு ஊராட்சிக்குப் பங்கு கொடுத்தார்களே, அந்தத் திட்டம். 1997இல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. 2011இல் அதே ஜப்பான் கடனில் உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு, பசுமைத் திட்டம். 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. மாநிலப் பரப்பில் 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் பசுமைப் பரப்பை 33 ஆக்குவது அதன் இலக்கு. அந்த மீதிச் சதவீதத்துக்கு வனத்துறையிடம் நிலம் இல்லை. அது நம் பட்டா நிலத்திலிருந்துதான் வர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுக்கு நாம் தேவைப்படுகிறோம், ஆகவே நாம் பேரம் பேசலாம்.

சரி, இப்போது என்ன கிடைக்கிறது?

நம் விவசாயிக்கு நேராகக் கைக்கு எட்டுவது 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம். உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம், அது புரியாதவர்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போகலாம். பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ போதும். வரப்பில் நடுவதற்கு ஏக்கருக்கு 50 கன்று, வயல் முழுக்க நடுவதற்கு ஏக்கருக்கு 160 கன்று. வனத்துறை நாற்றங்காலில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தேக்கு, வேங்கை, மகாகனி, செம்மரம், புங்கன், வேம்பு, நாவல் எல்லாம் உண்டு. பிறகு இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு இருக்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் பராமரிப்பு ஊக்கத்தொகை.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சநாள் யோசித்தேன். கணக்கு வாத்தியாராக இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். இந்தியா 2014இல் தேசிய வேளாண்காடுகள் கொள்கையை வெளியிட்டது. உலகத்தில் இப்படியொரு கொள்கை வகுத்த முதல் நாடு நாம்தான். அதன் தொடர்ச்சியாக 2016-17இல் வந்த மத்தியத் திட்டம், வரப்பில் நடும் மரம் ஒன்றுக்கு 70 ரூபாய் செலவு என்று போட்டு, அதில் பாதி 35 ரூபாயை 40, 20, 20, 20 சதவீதமாக நான்கு ஆண்டுகளில் தந்தது. முப்பத்தைந்தில் இருபது சதவீதம் ஏழு. டெல்லிக் கணக்கும் கோட்டைக் கணக்கும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன பாருங்கள்.

ஏக்கருக்கு 160 கன்றும் சாகாமல் நின்றால் ஆண்டுக்கு 1,120 ரூபாய், மூன்றாண்டுக்கு 3,360 ரூபாய். எங்கள் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு வற்றிய கோடையில் இரண்டு டேங்கர் தண்ணீர் இறக்கினால் ஓராண்டுத் தொகை காலி. ஆடு வேறு இருக்கிறது. மரம் வளர்ப்பதில் ஆட்டின் பங்கைப் பற்றி எந்த வழிகாட்டி நெறிமுறையிலும் ஒரு வரி கிடையாது. முள்வேலிக்கு ஆன செலவை நான் வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

ஏழு ரூபாயைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். இலவசக் கன்று பெரிய உதவி. தரமான தேக்குக் கன்றுக்கு அலைந்தவனுக்குத்தான் அது தெரியும். என் வருத்தம் தொகை பற்றியதைவிட ஆண்டுகளைப் பற்றியது. நான்காம் ஆண்டோடு எல்லாம் முடிகிறது. நான்காம் ஆண்டில் தேக்கு ஒரு கழி. அது காசாக இன்னும் இருபது ஆண்டு போக வேண்டும். அந்த இருபது ஆண்டில் மகள் கல்யாணம் வரும், ஆஸ்பத்திரிச் செலவு வரும், பக்கத்து நிலத்தை ஒருவர் பிளாட் போட்டுக் கல் ஊன்றுவார். மரம் அறுபடுவது அப்போதுதான். கன்றுக்குக் காசு வைத்த அரசு, மரமாகிவிட்ட பிறகு அதை வைத்திருப்பவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ‘வெட்டாதே’, ‘நடு’ இரண்டும் சொல்லியாகிவிட்டது. ‘வைத்திரு, உனக்கு நான் இருக்கிறேன்’ என்று யாரும் சொல்லவில்லை.

மற்றத் திட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூங்கிலுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. தேசிய மூங்கில் இயக்கம் 2018இல் திருத்தி அமைக்கப்பட்டபோது கன்று ஒன்றுக்கு 120 ரூபாய், மூன்று ஆண்டில். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் சட்டப்படி மரமே இல்லை என்று 2017 நவம்பரில் ஆக்கிவிட்டதால் வெட்ட, கொண்டுபோகத் தடையும் இல்லை. ஆனால் நம் மானாவாரிச் செம்மண்ணில் மூங்கில் வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். சந்தன மரம் 2002 முதல் நிலத்துக்காரருக்கே சொந்தம். நடலாம், நட்டவர் அதன் பக்கத்தில் ஒரு காவல்காரரையும் நட வேண்டியிருக்கும். மத்திய அரசு 2023 அக்டோபரில் பசுமை வரவு விதிகளை அறிவித்தபோது நம்மில் சிலர் ஆசைப்பட்டோம். மரம் நடுவதற்கென்று முதலில் வந்த வழிமுறை, வனத்துறைக் கையிலுள்ள சீரழிந்த நிலத்தில் கம்பெனிகள் நடுவதைப் பற்றியது. பட்டாதாரருக்கு அதில் இடமில்லை.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம். தஞ்சாவூர் ரோட்டில் போனாலும் அறந்தாங்கி ரோட்டில் போனாலும் கண்ணுக்கு எட்டியவரை தைலமரம். புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரியில். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் அதே 1974இல்தான் பிறந்தது. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. கழகத்தின் தைலமரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன, வரத்துவாரிகளில் மழைநீர் கண்மாய்க்கு வருவதைத் தடுக்கின்றன என்று நம் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். நானும் அந்த ஊர்வலங்களில் நடந்திருக்கிறேன். ஆனால் ஊர்வலத்தில் என் பக்கத்தில் நடந்தவரின் நிலத்திலும் தைலமரம்தான் நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் என்று பாருங்கள்.

தைலமரமும் சவுக்கும் நட்டால் கரூர் காகிதபுரத்திலிருக்கும் டி.என்.பி.எல். காகித ஆலை வாங்கிக்கொள்ளும். அந்த ஆலைக்கே விவசாயிகளோடு சேர்ந்து மரம் வளர்க்கும் திட்டம் உண்டு. கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் இவற்றுக்கு நல்ல குளோன் ரகங்களை உருவாக்கித் தந்திருக்கின்றன. காப்பீடுகூட உண்டு. யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு வனக்கல்லூரி சேர்ந்து தொழில்மரங்களுக்குக் கொண்டுவந்தது அது. நாலைந்து ஆண்டில் வெட்டலாம். லாரியில் ஏற்றிப் போக வனத்துறை வழிச்சீட்டு வேண்டாம். தேக்கு, ஈட்டி, சந்தனம், செம்மரம் வைத்தவருக்கோ காத்திருப்பும் அதிகம், காகிதமும் அதிகம். 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி தேக்கை அசைக்க வேண்டுமென்றால் பாஸ் வேண்டும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் சான்று, வனச்சரகர் பார்வை என்று வரிசையாகப் படி ஏற வேண்டும். வியாபாரி இதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்: “பாஸ் வேலையை நான் பாத்துக்கிறேன் சார், நீங்க விலையில கொஞ்சம் இறங்கி வாங்க.” தைலமரத்தை நம் மண்ணில் நட்டது விவசாயி மட்டுமில்லை, இந்த விதிகளும் சேர்ந்துதான் நட்டன.

இதைச் சரிசெய்ய டெல்லியில் சில அசைவுகள் உண்டு. 2023 டிசம்பரில் நாடு முழுதுக்கும் ஒரே வழிச்சீட்டு முறையை இணையத்தில் தொடங்கினார்கள். 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தைப் பதிவு செய்துகொண்டால் வெட்டுவதற்கு அனுமதி எளிது என்பது அதன் சாரம். பதிவு என்ற சொல்லைக் கவனியுங்கள், அதற்குத் திரும்பி வருவேன்.

மரம் வளர்ப்பு என்று புதுக்கோட்டையில் பேசினால் சேந்தன்குடி மரம் தங்கசாமி அவர்களைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. விவசாயத்தில் கடன்பட்டு நொந்திருந்தபோது வானொலியில் கேட்ட ஒரு பேச்சு தன்னை மரத்தின் பக்கம் திருப்பியது என்று அவர் சொல்வதுண்டு. கற்பகச்சோலை என்று பெயர் வைத்து ஒரு சிறு காட்டையே உண்டாக்கினார். கல்யாண வீடோ துக்க வீடோ, கையில் கன்றில்லாமல் போகமாட்டார். நம் பகுதியில் வாசலில் ஒரு நிழல் மரம் இருக்கிற வீடுகளில் பாதியில் அவர் பெயரைச் சொல்வார்கள். 2018இல் மறைந்தார்.

அதே 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய புயல் நம் மாவட்டத்தைக் குறுக்கே உழுதுகொண்டு போனது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் வர்ணித்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தபோது வெளிச்சம் அதிகமாக இருந்தது. அது ஏன் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தாத்தா காலத்துப் பலா வேரோடு சாய்ந்து, அடியில் ஒரு குழி. என் தேக்குகளில் பாதி ஒரே திசையில் படுத்திருந்தன, கடைசி வரிசை வரை.

அரசு நிவாரணம் அறிவித்தது. தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். அந்த அளவுக்கு நல்லது. தென்னையை இழந்தவர் அதுவும் போதாது என்றார், அது உண்மை. ஆனால் தென்னைக்கு மரத்தை எண்ணும் கணக்கு எப்படி வந்தது? தென்னைக்கு 1981 முதல் கொச்சியில் ஒரு வாரியம் இருக்கிறது. தென்னைக்குக் காப்பீடு உண்டு: பதினாறு வயதைத் தாண்டிய மரத்துக்கு ஆண்டுப் பிரிமியம் 14 ரூபாய், போனால் 1,750 ரூபாய், பிரிமியத்திலும் விவசாயி கட்ட வேண்டியது கால்பங்குதான். ஒரு தென்னை என்றால் அது என்ன விலை என்று அரசுக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. பேரிடர் நிதியின் அன்றைய விதியோ பல்லாண்டுப் பயிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து எக்டேருக்கு 18,000 ரூபாய், அதுவும் இரண்டு எக்டேர் வரை என்றது. ஒரு வேம்பு, ஒரு வேங்கை, ஒரு நாற்பது வயதுப் பலா தனித்தனியே என்ன மதிப்பு என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

என் கதை இன்னும் சின்னது. கணக்கெடுக்க வந்த இளைஞர் நல்லவர். சாய்ந்த தேக்குகளைப் பார்த்தார், கையிலிருந்த தாளையும் பார்த்தார்.

“சார், அடங்கல்ல இந்தச் சர்வே நம்பருக்கு நிலக்கடலைன்னு இருக்கு.”

“தம்பி, கடலை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு.”

“எனக்குக் கண்ணுக்குத் தெரியுது சார். பேப்பர்ல கடலைதான்.”

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்குதான் அடங்கல். பன்னிரண்டு பசலியாக, அதாவது பன்னிரண்டு வருவாய் ஆண்டுகளாக, யாரோ பழைய வரியையே பார்த்து எழுதி வந்திருக்கிறார்கள். நானும் ஒருநாளாவது போய்ப் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் நோட்டில் பிழை திருத்தியவன், என் நிலத்தின் கணக்கைத் திருத்தவில்லை. புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்காவது 2சி என்று தனிக் கணக்கும் மரப்பட்டாவும் உண்டு. பட்டா நிலத்து மரத்துக்கு அடங்கலே கதி. விழுந்த தேக்கை ஈரத்தோடு வந்த விலைக்குக் கொடுத்தேன். ஊரே விற்கும்போது என்ன விலை வரும்?

மற்ற நாடுகளில் எப்படி என்று இரண்டு மூன்று வார்த்தை. இங்கிலாந்தில் புதிதாகக் காடு உண்டாக்கும் நிலத்துக்காரருக்கு எக்டேருக்கு 10,200 பவுண்டு வரை நடவுச் செலவு தருகிறார்கள், அதற்குமேல் 15 ஆண்டுகளுக்குப் பராமரிப்புத் தொகை தருகிறார்கள். பவுண்டைப் பார்த்து ஏங்க வேண்டாம், அந்தப் பதினைந்தைப் பாருங்கள். பின்லாந்தில் காட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் சாதாரணக் குடும்பங்களுடையது. வெட்டினால் மறுபடி உண்டாக்குவது அங்கே உடைமையாளரின் சட்டக் கடமை, அதற்கு மானியம் கிடையாது. இளங்காட்டைக் களையெடுத்துப் பேணுவதற்குத்தான் மானியம். நாம் செய்வதற்கு நேர் எதிர். கோஸ்டா ரிகா ஒரு சின்ன நாடு. 1996இல் ஒரு வனச் சட்டம் போட்டது. நிற்கிற காடு தண்ணீர் தருகிறது, கரியைப் பிடித்து வைக்கிறது, உயிர்களைக் காக்கிறது, கண்ணுக்கு அழகு, இவை நான்கும் ஊருக்குச் செய்கிற வேலை, அதற்குக் கூலி உண்டு என்றது. பெட்ரோல், டீசல் வரியிலிருந்து அந்தக் கூலி வருகிறது. வண்டி ஓட்டுகிறவர் கொடுக்கிறார், மரம் வைத்திருப்பவர் வாங்குகிறார். இதை நம் ஊரில் ஏன் செய்ய முடியாது என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை.

ஒரு பைசா மானியம் இல்லாமலே நம்மிடம் நின்ற காடுகளும் உண்டு. நம் மாவட்டத்து அய்யனார் கோயில் காடுகளில் வீரை, பாலை, காசான், குருந்து என்று இந்தக் கடற்கரைச் சமவெளியின் பழைய உலர் பசுமைக்காடு மிச்சமிருக்கிறது. ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மரத்தடியில் என்பது நமக்குத் தெரியும். அந்தக் குருந்தை இன்றும் இப்படியொரு கோயில் காட்டில் பார்க்கலாம். கிளை ஒடித்தால் சாமி கேட்கும் என்ற பயம் காவல்காரன் வேலை பார்த்தது. இப்போது கோயிலுக்குச் சிமெண்டு மண்டபமும் ரோடும் வந்தபிறகு அந்தக் காவல் தளர்ந்துவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி வீரகோயில் காட்டை, ஐந்து எக்டேருக்கும் குறைவானதை, 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். நம் காடுகளுக்கும் அது கிடைக்க வேண்டும். அது தனியாக ஒரு சொற்பொழிவுக்கான விஷயம், அடுத்த ஆண்டுப் பேச்சாளர் எடுத்துக்கொள்ளட்டும்.

என் கோரிக்கை இரண்டுதான். ஊக்கத்தொகையை நான்காம் ஆண்டோடு நிறுத்தாமல் பதினைந்தாம் ஆண்டு வரை நீட்டுங்கள். தொகை ஏழாகவே இருந்தாலும் சண்டை போடமாட்டேன். பேரிடர் நிவாரணத்தில் நாட்டு மரங்களை இனவாரியாக, வயதுவாரியாக எண்ணி மதிப்பிடுங்கள், தென்னையை எண்ணியது போல. இவை கோட்டையில் நடக்க வேண்டியவை, காலம் எடுக்கும்.

உங்கள் கையில் இருப்பது வேறொன்று: முன்பு கவனிக்கச் சொன்ன பதிவு. புதிய பசலி ஜூலை முதல் தேதி தொடங்குகிறது, அதையொட்டித்தான் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி வரும். அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உங்கள் சர்வே எண்ணுக்கு அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மரம் நின்றால் மரம் என்று எழுதச் சொல்லுங்கள்; என்ன மரம், எத்தனை, எந்த ஆண்டு நட்டது என்று. எழுத மறுத்தால் ஜமாபந்தியில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளை மாதிரி விதிகள் இங்கே நடைமுறைக்கு வந்தாலும், காப்பீடு வந்தாலும், இன்னொரு கஜா வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். போகும்போது மரத்தின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்திருக்கிறேன். என் அடங்கலில் இப்போது தேக்கு 71, வேம்பு 14, பலா 3.